தெரிந்த பாட்டு

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடை ஒன்று உண்டு. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை அங்கே ஒரு சச்சரவு நடந்தது. அரசியல் சச்சரவு என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். சங்கீதச் சச்சரவு.

அந்த மாதம் 8ஆம் தேதி லண்டன் நகரத்தில், ஈவெண்டிம் அப்பல்லோ என்ற அரங்கில், இளையராஜா தாம் எழுதிய 'வேலியண்ட்' என்னும் சிம்பொனியை அரங்கேற்றினார். வாசித்தது அந்த ஊர் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு. முதலில் யாரும் கேட்டறியாத புதுச் சிம்பொனி. அதற்குப் பிறகு எல்லோரும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த சினிமாப் பாட்டுகள். சிம்பொனிக்கு நான்கு பகுதிகள். நான்கும் முடிகிற வரை கைதட்டக் கூடாது என்பது அங்கே சம்பிரதாயம். நம்மவர்கள் முதல் பகுதி முடிந்தவுடனேயே தட்டிவிட்டார்கள். வாசித்தவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது என்று ஊர் திரும்பிய இளையராஜாவே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருந்தார்.

கடையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் ஓர் அரிசி மில் கணக்குப்பிள்ளை. "புரிஞ்சா தட்டினாங்க? அந்தப் பேருக்குத் தட்டினாங்க. பின்னாடி சினிமாப் பாட்டு வருதுன்னு தெரியும். அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க, அவ்வளவுதான்" என்றார்.

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பண்ணைப்புரத்துல பொறந்த ஒரு மனுஷன் எழுதினதை அத்தனை வெள்ளைக்காரங்க உட்கார்ந்து வாசிச்சிருக்காங்க. அதுக்குத் தட்டாம வேற எதுக்குத் தட்டறது? நீங்க கதை எழுதறவரு, நீங்களே சொல்லுங்க சார்!"

நான் இரண்டு பக்கத்துக்கும் நோகாமல் ஏதோ சொல்லிவிட்டு, காசைக் கொடுத்து நழுவினேன். நழுவியதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கைதட்டியது தப்பா என்ற விவகாரத்தைச் சீக்கிரம் தீர்த்துவிடலாம். அந்த மௌன சம்பிரதாயம் அப்படியொன்றும் பழையதல்ல. 1778இல் மோஸார்ட் பாரிஸில் ஒரு சிம்பொனியை அரங்கேற்றினார். ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே முதல் பகுதிக்குள் ஓர் இடத்தை வைத்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் தட்டினார்கள். அதைப் பெருமையாகத் தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். சிம்பொனி முடிந்ததும் போய் ஐஸ் கிரீம் சாப்பிட்டதையும் எழுதியிருக்கிறார், நல்ல மனிதர். 1813இல் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனியில் இரண்டாம் பகுதி முடிந்தவுடனே 'மறுபடியும் வாசி' என்று கேட்டு வாசிக்க வைத்தார்கள். ஆகவே லண்டனில் தட்டிய நம் ஜனங்கள், ஐரோப்பியர்கள் மறந்துபோன அவர்களுடைய பழக்கத்தையே நினைவூட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை கேட்ட கேள்வி அப்படி லேசில் தீராது. தட்டியது எதற்கு?

தெரிந்த பாட்டுக்கு நாம் எப்போது தட்டுகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? பாட்டு முடிந்த பிறகு அல்ல. முதல் இரண்டு ஸ்வரம் கேட்டவுடனே. வித்வான் இன்னும் எதையும் சாதித்துவிடவில்லை. நாம் கண்டுபிடித்துவிட்டோம், அந்தச் சந்தோஷத்துக்குத் தட்டுகிறோம். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது எனக்குப் பதினாறு வயது. அந்தப் படத்துப் பாட்டு எங்கே கேட்டாலும் எனக்குக் கேட்பது பாட்டு மாத்திரம் அல்ல. எங்கள் தெருக் கல்யாணப் பந்தலில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கி, அதன் கரகரப்பு, சீர்வரிசைத் தட்டோடு நடந்து போன என் அக்கா, எல்லாம் சேர்ந்து கேட்கிறது. அக்கா இப்போது இல்லை. பாட்டு இருக்கிறது. இதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் புதுப் பாட்டுக்கு இந்தப் பரிவாரம் எதுவும் கிடையாது. கல்யாண வீட்டுக்குத் தனியாக வந்து, 'யார் வீட்டுப் பிள்ளை?' என்று எல்லோராலும் கேட்கப்படும் ஏழை உறவுக்காரனைப்போல அது வந்து நிற்கிறது.

பழையதும் புதியதும் கலந்த கச்சேரியில் புதியதற்குக் கிடைக்கும் காதுகள் பெரும்பாலும் வேறொன்றுக்காகக் காத்திருக்கும் காதுகள்தாம். அதற்காகக் கலக்கவே கூடாதென்று சொல்லிவிட முடியுமா? 1993இலேயே இளையராஜா ஒரு சிம்பொனி எழுதி, இதே லண்டன் குழு அதைப் பதிவும் செய்தது. அது வெளிவரவில்லை. யாரும் கேட்காமல் கிடப்பதைவிட, சினிமாப் பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டாவது மேடை ஏறுவது மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு மனிதர்மேல் உள்ள பிரியத்தால், தமக்குப் பழக்கமே இல்லாத ஒன்றுக்கு முன்னால் பொறுமையாக உட்கார்ந்தார்களே, அந்த மட்டில் நான் தேநீர்க்கடைக்காரர் கட்சி. ஆனால் பிரியம் காதை மூடிக்கொண்டும் தட்டும். அந்த மட்டில் கணக்குப்பிள்ளை கட்சி.

பிரியம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. 1913ஆம் வருஷம் மே 29ஆம் தேதி பாரிஸில் ஒரு நாட்டிய நிகழ்ச்சி. ஷோப்பானின் இனிமையான, பழகிய சங்கீதத்தோடு தொடங்கினார்கள். அடுத்து ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு'. கூச்சலும் கேலியுமாக அரங்கம் இரண்டுபட்டது. மேடையில் ஆடியவர்களுக்கு வாத்தியம் கேட்கவில்லை. மறு வருஷம் ஏப்ரலில், அதே பாரிஸில், நாட்டியம் இல்லாமல் அதே சங்கீதத்தை வாசித்தார்கள். ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்! சங்கீதத்தில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை.

ஷோன்பெர்க் என்ற இசைக்காரர் இதற்கெல்லாம் ஒரு மருந்து கண்டுபிடித்தார். 1918இல் வியன்னாவில் ஒரு சங்கம் வைத்தார். அங்கே என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். தட்டவும் கூடாது, சீட்டியடிக்கவும் கூடாது. கடினமானவற்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்தான் நினைவுக்கு வந்தது. பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சே எழக் கூடாது என்ற ஏற்பாடு. ஷோன்பெர்க்கும் ரசிகனை அந்தச் சிறுவனாக்கப் பார்த்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஓலை எடுக்கிறவனுக்கு ஓலையில் இருப்பது புரிய வேண்டியதில்லை; கேட்கிறவனுக்குப் புரிய வேண்டும். தட்டவே கூடாத கச்சேரி ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும். ஆனால் திரும்பத் திரும்ப வாசித்தார்களே, அது நல்ல காரியம்.

இனி நான் நழுவிய கதை. மூன்று வருஷங்களுக்கு முன்னால் உத்திரமேரூரில் ஒரு சிநேகிதர் வீட்டுக் கல்யாணம். மாலை வரவேற்புக்கு நாதஸ்வரம். வித்வான் சாருகேசியில் ஏதோ ஓர் உருப்படியை வாசித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டறியாதது. ஐந்து நிமிஷம் கேட்டிருப்பேன். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு, 'அன்னக்கிளி' பாட்டு ஒன்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். வித்வான் வாசித்தபடியே சீட்டைப் பார்த்தார். தவில்காரருக்குக் கண் ஜாடை காட்டினார். அவசரமாக ஒரு தீர்மானம், உருப்படி நின்றது. என் பாட்டு புறப்பட்டது. முதலில் கை தட்டியவன் நான்தான். பந்தலே தட்டியது.

சாப்பாட்டுப் பந்தியில் தவில்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எவனோ சீட்டு அனுப்பிக் கெடுத்துட்டான் சார். அது அண்ணனே கட்டினது. ஆறு மாசம் ஆச்சு. இன்னிக்குத்தான் முதமுதல்ல வெளியே எடுத்தார்" என்றார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு பாயசத்தைக் குடித்தேன். சீட்டு அனுப்பியவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேநீர்க்கடைச் சச்சரவு நடந்த அடுத்த வாரம் அந்த வித்வான் வீட்டுக்குப் போனேன். ஏரிக்கு அப்பால் ஒரு கிராமம். திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்க இல்லாட்டி இன்னொருத்தர் அனுப்பியிருப்பார், ஐயா. கல்யாணத்துல அதெல்லாம் உண்டுதான்."

"அதை முழுசா எனக்கு வாசிச்சுக் காட்டுவீங்களா?"

தவில் இல்லாமல், சுருதிப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, பதினைந்து நிமிஷம் வாசித்தார். பரிகாரம் செய்ய வந்தவன் பரவசப்பட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. நடுவில் ஓரிடத்தில் எனக்கு நீளமாகத் தோன்றியது. பஸ் நேரம்கூட ஞாபகத்துக்கு வந்தது. முடிந்ததும் கைகள் தாமாகவே தட்டுவதற்கு எழுந்தன. கஷ்டப்பட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

"எப்படி ஐயா இருந்தது?"

"முதல் பாதி மனசுக்குள்ளே நிக்குது. பின்னாடி எங்கேயோ விட்டுட்டேன். நிஜத்தைச் சொல்லணும்னா, இன்னும் பிடிபடலை."

அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். "எனக்கே மூணாவது தடவைதான் பிடிச்சுது" என்று சொல்லி, சீவாளியைக் கழற்றித் துடைத்தார்.

தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் திண்ணையோரம் வந்து, "தாத்தா, சினிமாப் பாட்டு ஒண்ணு வாசிங்க" என்றான்.

"இருடா, ஐயாவுக்கு இதை இன்னொரு தடவை வாசிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் வேறு சீவாளியை எடுத்து வாயில் வைத்து நனைக்கத் தொடங்கினார்.