யாரையும் புண்படுத்தாத சிரிப்பு

2019 ஜூன் 10 அன்று நாடக, திரைப்பட வசனகர்த்தா கிரேசி மோகன் காலமானபோது அஞ்சலி சொன்னவர்கள் பலரும் ஒரே பாராட்டில் வந்து நின்றார்கள்: யாரையும் புண்படுத்தாத நகைச்சுவை. ஆபாசம் இல்லை, அரசியல் இல்லை, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். (அவர் வசனம் எழுதிய ‘பஞ்சதந்திரம்’ படத்தைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொள்ளலாம்.) சபா உலகில் இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. ஆனால் புண்படுத்தாமல் இருப்பது அறமா, எழுதுகிறவருக்கு வாய்த்த சௌகரியமா?

கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்தவர் மோகன்; சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். 1976-ல் எஸ்.வி.சேகரின் குழுவுக்கு எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ அவருக்கு அந்த அடைமொழியைக் கொடுத்தது. 1979-ல் தம்பி பாலாஜியோடு கிரேசி கிரியேஷன்ஸ் பிறந்தது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் நாடக மேடையில் நாயகன் மாதுவும் நாயகி ஜானகியும்தான். பள்ளியில் தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் பெயரையே நாயகிகளுக்கெல்லாம் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாடகங்களில் அடி வாங்குவது யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். ஒருவர் ஒன்று சொல்வார், மற்றவர் காதில் அது வேறொன்றாக விழும். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய், அதை மறைக்க ஓர் ஆள்மாறாட்டம். கடைசியில் மாட்டிக்கொள்வது பொய் சொன்ன மாதுவேதான். மாமனார், மேனேஜர், வீட்டு ஓனர் எல்லோரும் கேலிக்கு ஆளாவார்கள். ஆனால் அதே மாமனார்களும் மேனேஜர்களும்தான் நாரத கான சபாவிலும் வாணி மகாலிலும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். கேலி செய்யப்படுகிறவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். இது நேர்மையான ஏற்பாடு. அடுத்தவரின் உடலையோ தொழிலையோ இழுக்காமல் இரண்டு மணி நேரம் சிரிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான வழியும் அதே சென்னை நாடக மேடையிலிருந்தே வந்தது. நாடகாசிரியர் சோ 1968-ல் மேடையேற்றிய ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தில் துக்ளக் பிரதமராகிறார். கட்சி மாறி வந்தவர்களெல்லாம் துணைப் பிரதமர்கள். மொழிப் பிரச்சினைக்குத் தீர்வாகப் பாரசீகம் ஆட்சிமொழி. பாதிக்கப்பட்டவர்கள் கோட்டையில் இருந்தார்கள், பதில் சொல்ல அவர்களிடம் அதிகாரமும் இருந்தது. நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீஸ் அனுமதிக்கு அனுப்பவேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன காலம் அது. ‘பரீக்ஷா’ நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை ரத்து செய்ததே 2013-ல்தான். அப்படிப்பட்ட நாட்களில் ஆட்சியாளரைப் புண்படுத்தியதைக் குறையாகச் சொல்ல முடியாது. அதற்காக, மோகன் அரசியலைத் தொடாததைக் கோழைத்தனம் என்பதும் நியாயமாகாது. எல்லா நகைச்சுவையாளரும் கோட்டையை நோக்கித்தான் நடக்கவேண்டும் என்று விதி இல்லை.

தீங்கற்ற நகைச்சுவைக்குச் சிக்கல் வருவது அது தன் தெருவை விட்டு வெளியே போகும்போது. மயிலாப்பூர் வாசகர்களுக்கு நெருக்கமான ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி.உட்ஹவுஸ் இதற்குப் பிரபலமான உதாரணம். 1940-ல் பிரான்சில் ஜெர்மானியர் கையில் சிக்கிய அவர், அடுத்த ஆண்டு பெர்லின் வானொலியில் தன் முகாம் வாழ்க்கையைப் பற்றித் தமாஷாக ஐந்து உரைகள் நிகழ்த்தினார். அதில் பிரசாரம் ஏதுமில்லை; வழக்கமான உட்ஹவுஸ்தான். குண்டுவீச்சில் வீடிழந்திருந்த இங்கிலாந்து கொதித்துப்போனது. அவர் செய்தது துரோகமல்ல, அசட்டுத்தனம் என்று 1945-ல் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் வாதாடினார். ஆர்வெல் சொன்னது சரி. ஆனாலும் உட்ஹவுஸின் சொற்களில் இருந்த விளையாட்டு, கேட்டவர்களின் நிலைமையில் இல்லை.

மோகனும் ஒருமுறை தன் தெருவை விட்டு வெளியே போனார்: அவர் வசனம் எழுதிய ‘தெனாலி’ படம் வெளியானது 2000-ல். கமல்ஹாசன் நடித்த தெனாலி, ஈழத்திலிருந்து வந்தவன். எதைக் கண்டாலும் அவனுக்குப் பயம். அந்தப் பயங்களின் பின்னால் போர் இருப்பதைப் படம் ஓரிடத்தில் சொல்கிறது. மற்ற நேரமெல்லாம் பயமும் பேச்சுவழக்கும் சிரிப்புக்குத்தான். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஈழப் போரில் ஆனையிறவு வீழ்ந்திருந்தது. தமிழக முகாம்களில் அகதிகள் இருந்தார்கள். மோகனிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, மாதுவை எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. ஆனால் இங்கே கேலிக்கு உள்ளானவர் முன்வரிசையில் இல்லை. வட்டார வழக்கு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மோகன் வசனம் எழுதிய ‘சதிலீலாவதி’யில் கொங்குத் தமிழ் பேசும் சக்திவேல் கவுண்டரைப் பார்த்துக் கோயம்புத்தூரே சேர்ந்து சிரித்தது, அங்கே பேச்சு வேடிக்கையே தவிர, பேசுகிறவரின் துயரம் வேடிக்கையல்ல.

ஆகவே ‘யாரையும்’ என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் எண்ணப்பட்டார்கள் என்பதுதான் கேள்வி. அந்த எண்ணிக்கையில் குரல் உள்ளவர்கள் தாமாகவே சேர்ந்துகொள்வார்கள். மோகன் வசனம் எழுதிய ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ 2004-ல் வந்தபோது, தலைப்பு தங்கள் தொழிலை இழிவுபடுத்துகிறது என்று மருத்துவர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது, நீதிமன்றம் வரை போனது. படம் அதே தலைப்போடு வெளியாகி நன்றாக ஓடியது. மருத்துவர்களுக்குச் சங்கம் இருந்தது, வக்கீல் இருந்தார், பத்திரிகைகளில் இடமும் கிடைத்தது. மண்டபம் அகதி முகாமில் இருந்த ஒருவர் ‘தெனாலி’ பார்த்து முகம் சுளித்திருந்தால், அதைச் சொல்ல அவர் போயிருக்கக்கூடிய அலுவலகம் எது?