ஆடி எழும் கணம்

2006-இன் இறுதியில் வந்த நிக்கான் டி40 நம்மில் பலருக்கு முதல் டிஎஸ்எல்ஆர். ஆறு மெகாபிக்சல், மூன்றே ஃபோகஸ் புள்ளிகள். இன்றைய கைப்பேசி எண்ணிக்கையில் அதை எங்கோ கடந்துவிட்டது. ஆனாலும் அதை விற்க மனம் வருவதில்லை. நினைவுகள் இருக்கின்றன அல்லவா என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொள்கிறோம்.

அந்தக் காரணம் நிற்காது. கேமராவுக்கு நினைவு ஏது? அதனுள் இருப்பது சிசிடி சென்சார். 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வகுத்த கருத்தின் வழிவந்தது. விழுந்த ஒளி மின்னூட்டமாகச் சேர்கிறது, வரிசை வரிசையாக நகர்ந்து வெளியேறி அளவிடப்படுகிறது, அடுத்த படத்துக்குள் காலியாகிவிடுகிறது. தங்கையின் திருமணமும் தாத்தாவின் முகமும் அதன் வழியே போயின. எதுவும் அதில் தங்கவில்லை. அப்படியானால் நம் பிரியம் எதைப் பற்றி நிற்கிறது?

அந்தச் சிறிய ஆடியைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியைச் சாய்ந்து நின்று நம் கண்ணுக்குத் திருப்பிவிடுவது அது. விரல் அழுத்தியதும் ஆடி மேலெழுகிறது, ஷட்டர் திறக்கிறது, ஒளி சென்சாரைச் சேர்கிறது. வியூஃபைண்டர் இருண்டுவிடுகிறது. இருப்பது ஒரே ஒளி. அது ஒன்று கண்ணுக்கு, அல்லது சென்சாருக்கு. ஆகவே படம் பதிந்த அந்தக் கணத்தை மட்டும், அதை எடுத்த நாம் பார்த்ததே இல்லை. அதற்குச் சற்று முன்பு பார்த்தோம், சற்றுப் பின்பு பார்த்தோம்.

ஃபிலிம் காலத்திலும் இந்த இருள் உண்டு. அப்போது விடை தெரிய நாள்கணக்கில் காத்திருந்தோம். டிஜிட்டல் அந்தக் காத்திருப்பை ஒரு மூச்சளவாகச் சுருக்கியது, இருளை நீக்கவில்லை. எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது என்ற தீர்மானம் இருளுக்கு முன்பே நடந்தாக வேண்டும் என்பதை அந்தச் சுருக்கமே நமக்குக் கற்றுக்கொடுத்தது.

வாழ்க்கையும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒருவரிடம் ஒரு சொல்லைச் சொல்லும்போதும், வாழ்க்கையைத் திருப்பும் தாளில் கையொப்பமிடும்போதும், பிள்ளையை வேற்றூருக்கு வழியனுப்பும்போதும், முன்னே ஆராய்ந்தும் பின்னே வருந்தியும் மகிழ்ந்தும் எல்லாவற்றையும் பார்ப்பவர்களான நாம், செயல் நிகழும் அந்த ஒரு கணத்தில் மட்டும் சாட்சியாக இருக்க முடியாதவர்களாகி, அதற்கு முன் செலுத்திய கவனத்தையும் கையில் இருப்பதன் மேல் வைத்த நம்பிக்கையையும் மட்டுமே துணைகொண்டு அந்த இருளைக் கடக்கிறோம்; அப்படிக் கடக்கையில் நம்மைக் கைவிடாத பொருளின் மீதும் மனிதரின் மீதும் பிறக்கிற பற்றுக்கு, அவற்றின் திறனை அளந்து பார்த்து வருகிற மதிப்போடு எந்தத் தொடர்பும் இல்லை.

இன்று ஆடியில்லாக் கேமராக்கள் வந்துவிட்டன. 2021-இல் வந்த நிக்கான் இசட்9-இல் இயந்திர ஷட்டர்கூட இல்லை. காட்சி அறுபடாமல் ஓடுகிறது. பறவையின் பின்னே ஓடுபவர்களுக்கு அது பெரும் வரம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நூறு படம் எடுத்துவிட்டுப் பிறகு ஒன்றைப் பொறுக்கலாம் என்ற வசதி, தேர்வை முன்னிருந்து பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அந்த இழப்பு எனக்குச் சிறிதாகப் படவில்லை.

உங்கள் அலமாரியில் அப்படியொரு பழைய கேமரா இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, வீட்டிலோ தெருவிலோ படம் எடுக்க ஆசைப்படும் ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள். கற்றுக்கொள்ள ஆறு மெகாபிக்சல் போதும்.