செம்பாறை நாட்டின் பெயர்கள்

தெற்கு யூட்டாவின் வரைபடத்தை விரித்தால் ஊர்கள் அரிதாகத்தான் கண்ணில் படுகின்றன. கொலராடோ ஆறு செம்பாறையை அறுத்துக்கொண்டு போகும் வழி நெடுக, பாறைக்கும் ஓடைக்கும் பெயர்கள். அவற்றில் பல 1869 கோடையில் நான்கு படகுகளில் கிளம்பிய பத்துப் பேரின் பயணத்தில் பிறந்தவை. தலைவர் ஜான் வெஸ்லி பவல், போரில் வலக்கையை இழந்தவர்.

ஜூலைக் கடைசியில் சேறும் நாற்றமுமாக ஓர் ஆறு வந்து கலந்தது. அதை 'டர்ட்டி டெவில்', அழுக்குப் பிசாசு என்றார்கள். கிராண்ட் கேன்யனில் தெளிந்த நீரோடை ஒன்று எதிர்ப்பட்டது. பவல் அதற்குப் பிற்பாடு சூட்டிய பெயர் 'பிரைட் ஏஞ்சல்', ஒளிமிகு தேவதை. வாரக்கணக்கில் கலங்கல் நீரைக் குடித்தவர்களுக்கே இப்படிப் பெயர் வைக்கத் தோன்றும்.

என் மனம் தங்கிவிடுவது கிளென் கேன்யனின் 'மியூசிக் டெம்பிள்', இசைக் கோயில் என்ற பாறைக் குடைவில்தான். அங்கே மணற்பாறை என்பது ஒரு காலத்துப் பாலைவன மணல்மேடு. மழைநீர் அதற்குள் மெல்ல இறங்கும். அடியில் இறுகிய படுகை தடுத்ததும் பக்கவாட்டில் கசியும். கசியும் இடத்தில் மணலைப் பிணைக்கும் பசை கரைந்து, பாறை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். நெடுங்காலம் கழித்து, கூரை கவிந்த பெரிய கூடம். ஈரம் ஓடும் கோட்டில் பெரணி முளைத்திருக்கும். அங்கே தங்கிய இரவு பவலின் தம்பி பாடினார். கூடம் குரலால் நிரம்பியது, பெயரும் கிடைத்தது.

1963-இல் கிளென் கேன்யன் அணையின் கதவுகள் மூடப்பட்டன. தேங்கிய நீர் அந்தக் கூடத்தை மூழ்கடித்தது. நீர்த்தேக்கத்துக்கு வைத்த பெயரோ பவலுடையது. இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

இன்னும் கீழே 'செபரேஷன் கேன்யன்', பிரிவின் பள்ளத்தாக்கு. அதே 1869 பயணத்தில், ஆகஸ்ட் 28 அன்று, முன்னால் இரைந்த நீர்ப்பாய்ச்சலில் இறங்க மனமில்லாமல் மூவர் பாறையேறி வெளியேறினார்கள். அவர்கள் உயிரோடு ஊர் சேரவில்லை. ஆற்றோடு போனவர்கள் இரண்டு நாளுக்குள் கரை கண்டார்கள். அந்த இடத்துக்கு வேறு பெயர் பொருந்தாது.

ஆனால் பவல் வருவதற்கு வெகுகாலம் முன்பே பையூட், யூட், நவஹோ மக்கள் இந்தப் பாறைகளிடையே வாழ்ந்தார்கள், தங்கள் மொழிகளில் பெயர் சொல்லி அழைத்தார்கள். பவலே அம்மக்களின் சொற்களைத் திரட்டியவர். இனி அச்சாகும் வரைபடங்களில் அவர்கள் வைத்த பெயர்களும் இடம்பெற வேண்டும்.