நோய்க்குக் குற்றவாளி யார்?

நோய்களை மருத்துவ உலகம் நெடுங்காலமாக இரு பெரும் பிரிவுகளாகப் பகுத்து வந்துள்ளது. காசநோய், காலரா போன்றவை தொற்று நோய்கள். நீரிழிவு, இதய நோய் போன்றவை தொற்றா நோய்கள். இப்பகுப்பு மருத்துவ நூல்களோடு நின்றுவிடவில்லை. நம் அறத் தீர்ப்புகளிலும் புகுந்துவிட்டது. காலரா கண்டவரைப் பார்த்து, "பாவம், எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது" என்கிறோம். நீரிழிவு கண்டவரைப் பார்த்தோ, "வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா?" என்று கேட்கிறோம். முன்னவருக்குக் கிடைப்பது இரக்கம். பின்னவருக்குக் கிடைப்பது தீர்ப்பு.

இந்தப் பிரிவினைச் சுவரில் இப்போது ஒரு விரிசல் கண்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டு சனவரியில், கனடா நாட்டு நுண்ணுயிரியல் அறிஞர் பிரெட் ஃபின்லே தம் உடன் ஆய்வாளர்களோடு 'சயன்ஸ்' இதழில் ஒரு கருதுகோளை முன்வைத்தார். தொற்றா நோய்கள் எனப்படுபவற்றுள் சில, நம் உடலில், சிறப்பாகக் குடலில், வாழும் நுண்ணுயிரிகளின் வழியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லக்கூடுமோ என்பதே அவர் எழுப்பிய வினா.

வினா விந்தையாகத் தோன்றலாம்; ஆனால் அடிப்படையற்றதன்று. மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள், ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டைச் சகோதரிகளின் குடல் நுண்ணுயிரிகளை, நுண்ணுயிரிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தினர். பருமனானவரின் நுண்ணுயிரிகளைப் பெற்ற எலிகளின் உடலில் கொழுப்பு மிகுந்தது. 2023ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு ட்ரென்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வோ, ஒரே வீட்டில் வாழ்வோர் தம் குடல் பாக்டீரியாக்களின் உட்பிரிவுகளில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைப் பகிர்ந்துகொள்கின்றனர் என்றும், தாய்க்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் இடையே இது ஏறக்குறையப் பாதியளவாகிறது என்றும் காட்டியது.

எனினும், நுண்ணுயிரி கடந்து செல்வது வேறு. நோய் கடந்து செல்வது வேறு. கணவன், மனைவி இருவருக்கும் நீரிழிவு கண்டால், அவர்கள் பகிர்ந்துகொண்டது நுண்ணுயிரிகளை மட்டுமன்று. ஒரே அடுப்பின் உணவையும், ஒரே வீட்டின் கவலைகளையும், ஒரே வறுமையையோ வளமையையோ அவர்கள் பகிர்ந்திருக்கிறார்கள். ஆகவே ஃபின்லே சொன்னது இன்னும் கருதுகோளே, மெய்ப்பிக்கப்பட்ட உண்மையன்று.

ஆயினும் வயிற்றுப் புண்ணின் வரலாறு நம்மைச் சற்று நிதானிக்கச் செய்கிறது. கவலையாலும் காரமான உணவாலும் வருவது என்று நெடுங்காலம் கருதப்பட்ட அந்நோயின் பெரும்பகுதிக்கு, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா காரணம் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் வெளிப்படுத்தினர்; 2005இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றனர். அக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்துக்குள்ளேயே பரவுகிறது. "உன் கவலைதான் உன் நோய்" என்று அதுவரை எத்தனை நோயாளரின் துன்பத்தோடு பழியையும் சேர்த்துச் சுமத்தியது இவ்வுலகம்!

இங்கே நாம் எதிர்கொள்ள வேண்டிய அறவினா ஒன்று உண்டு. நோயாளர் மீது சுமத்திய பழியை அவரிடமிருந்து இறக்கி, அவருக்கு அருகில் இருந்தவர் மீது ஏற்றிவிடலாமா? மனைவிக்குத் தன்னிடமிருந்து நோய் சென்றிருக்கக்கூடும் என்று ஐயுறும் கணவன் குற்றவாளியா? பிறப்பின்போதே தன் நுண்ணுயிரிகளைக் குழந்தைக்குக் கொடையாக அளித்த தாய் குற்றவாளியா?

சாவான பாவத்திற்குக் கனமான பொருள் மட்டும் போதாது. முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று மறைக்கல்வியில் நாம் கற்றிருக்கிறோம். இப்போதனையின் உள்ளே ஆழ்ந்த மனிதநேயம் இருக்கிறது. காரணமாய் இருப்பது ஒன்று. குற்றவாளியாய் இருப்பது முற்றிலும் வேறொன்று. அறியாமலும் விரும்பாமலும் ஒருவர் மற்றவரின் துன்பத்திற்குக் காரணமாகலாம். அதற்காக அவரைக் குற்றக்கூண்டில் நிறுத்த நமக்கு உரிமையில்லை.

இவ்வேறுபாட்டை மறந்தால் விளைவது என்ன என்பதற்கு அருள்தந்தை தமியானின் வாழ்வே சான்று. 1873ஆம் ஆண்டு அவர் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மொலோக்காயில், ஒதுக்கி வைக்கப்பட்ட தொழுநோயாளரிடையே பணியாற்றச் சென்றார். அதே ஆண்டில்தான் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். தமியான் அம்மக்களின் புண்களைக் கட்டினார், அவர்களோடு உண்டார், அந்நோயையே தாமும் பெற்று 1889இல் இறந்தார். ஆனால் அவர் இறந்த அதே ஆண்டில், ஹொனலூலுவில் வாழ்ந்த போதகர் ஒருவர், தமியானின் ஒழுக்கக்கேடும் கவனக்குறைவுமே அவருடைய நோய்க்குக் காரணம் என்று கடிதம் எழுதினார். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1890இல் அதற்குக் கடுமையான மறுப்பு எழுதினார். திருச்சபை 2009இல் தமியானைப் புனிதர் என அறிவித்தது. கிருமி கண்டறியப்பட்ட பின்னும், நோயில் பாவத்தைத் தேடும் மனம் மட்டும் மாறவில்லை.

தீட்டு என்ற சொல்லின் கொடுமையை நன்கறிந்த சமுதாயம் நாம். நாளை இக்கருதுகோள் உண்மையென்றே நிலைபெற்றால், நீரிழிவு நோயாளரின் தட்டைத் தனியே வைக்கவும், பருமனான குழந்தையோடு விளையாடாதே என்று தடுக்கவும் நம்மில் சிலர் முன்வரக்கூடும். அவர்கள் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் அந்த எலி ஆய்விலேயே இருக்கிறது. இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் வாழவிட்டபோது, பருமன் மெலிந்த எலிக்குப் பரவவில்லை; மெலிந்த எலியின் நுண்ணுயிரிகளே மற்றதன் குடலில் குடியேறி, அதைப் பருமனிலிருந்து காத்தன. ஆனால் ஒரு நிபந்தனை: கொழுப்பு குறைந்து நார்ச்சத்து மிகுந்த உணவு கிடைத்தபோதுதான் அது நிகழ்ந்தது.

எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதருக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. எனினும் நம் சிந்தனைக்கு அது ஒரு வழி காட்டுகிறது. நோய் மட்டுமன்று, நலமும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லக்கூடும். அதற்கு உடனிருத்தலும் வேண்டும், நல்ல உணவும் வேண்டும். ஓர் உறுப்பு துன்புற்றால் உடல் முழுவதும் துன்புறும் என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு உணர்த்திய உண்மை, உவமையாக மட்டும் நின்றுவிடாமல் உடலின் நடப்பாகவும் இருக்கலாம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987ஆம் ஆண்டின் சமூகச் சுற்றுமடலில், ஒருமைப்பாடு என்பது தொலைவிலிருந்து பரிதாபப்படுவதன்று, பொதுநலனுக்காக உழைக்கும் உறுதி என்று தெளிவுபடுத்தினார். காய்கறியும் பழமும் வாங்க இயலாத குடும்பத்தைப் பார்த்து உணவுக் கட்டுப்பாடு பற்றி உபதேசிப்பது அவ்வுறுதியாகாது.

இயேசு தொழுநோயாளரைக் குணப்படுத்தியபோது, தொலைவில் நின்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் கையை நீட்டித் தொட்டார் என்கிறது மாற்கு நற்செய்தி. யாரால் வந்தது இந்நோய் என்ற கேள்விக்கு அறிவியல் விடை தேடட்டும். அது அதன் கடமை. நோயுற்றவர் நம் பந்தியில் அமர இடம் இருக்கிறதா, அப்பந்தியில் அவருக்கேற்ற உணவு இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.