நைசாகக் கிளம்பிப் போவது

பாலர் பள்ளி தொடங்கும் வாரத்தில் ஜார்ஜ்டவுன் பெற்றோர் காதில் அடிக்கடி விழும் அறிவுரை இது: “பொம்மைல கவனம் போனதும் நைசா கிளம்பிடுங்க. கொஞ்ச நேரம் அழும், அப்புறம் மறந்துடும்.” சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் அறை முழுக்க அழும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலை ஷிப்டுக்கு ஓட வேண்டிய அம்மாவிடம், “பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்” என்று உபதேசம் செய்ய எனக்கு வாயில்லை. ஆனாலும் உறுத்துகிறது. ஏன் என்று யோசித்தால் விளையாட்டில் வந்து நிற்கிறது.

நான்கு வயது மகளை நாங்களும் விளையாட்டாகத்தான் தயார் செய்தோம். மலேசியாவின் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டமே விளையாட்டுவழிக் கற்றலைச் சொல்கிறது. பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்தால் அவள்தான் சிக்கு. கரடி கையைத் தூக்கி, “சிக்கு, நாக் பெர்கி தண்டாஸ்” என்று கேட்க வேண்டும். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளைக்கு, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் இந்த மலாய் வாக்கியம் ஏ பி சி-யைவிட அவசரம் என்பது என் கணக்கு. அவள் கணக்கு வேறு. கரடிக்கு நிமிடத்துக்கு ஒரு தடவை வந்தது. வகுப்பு தொடங்கவே இல்லை.

ஒரு நோக்கத்தோடு விளையாட வைத்தால் அது விளையாட்டுதானா என்று கேட்பவர்கள் உண்டு. கரடியைப் பார்த்தபின் எனக்கு அந்தக் கவலை போய்விட்டது. பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில், சிறுமிகள் கட்டிய மணல்வீட்டைக் குழந்தை காலால் சிதைக்க வருகிறது. சிதைக்காதே என்று கெஞ்சத்தான் முடிகிறது. பெரியவர்களின் நோக்கத்தையும் அந்தக் கால் பார்த்துக்கொள்ளும்.

கண்ணாமூச்சி வேறு விஷயம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ‘பா பா சாக்’ என்று முகத்தை மூடித் திறந்து காட்டுவார். அதில் ஒரே ஒரு சட்டம்தான்: மறைந்த முகம் திரும்ப வரும். 1920இல் வெளியான ஒரு நூலில் ஃப்ராய்ட் தன் ஒன்றரை வயதுப் பேரனைப் பற்றி எழுதுகிறார். கயிறு கட்டிய மர உருளையைத் திரை போட்ட கட்டிலுக்குள் வீசி மறைய வைப்பான்; பிறகு இழுத்து வரவழைப்பான். அம்மா வெளியே போவதைத் தடுக்க முடியாத குழந்தை, போவதையும் வருவதையும் இப்படித் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறது என்பது ஃப்ராய்டின் வாசிப்பு.

நைசாகக் கிளம்பும்போது அந்தக் கயிற்றைத்தான் அறுக்கிறோம். அந்த நேரத்தில் பிள்ளை அழாததற்குக் காரணம், நாம் போனது அதற்குத் தெரியாது என்பதுதான். விளையாட்டில் மூழ்கியதே தப்பு என்றாகிவிடுகிறது. மறுநாள் பொம்மையைத் தொடும்போது ஒரு கண் வாசலில் இருக்கும். “அப்பா போறேன், மத்தியானம் வந்துடுவேன்” என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்; ஷிப்டுக்கு ஓடும் அம்மாவிடமும் அந்த ஒரு நிமிடம் இருக்கிறது. அழுகை வரும். அது பிள்ளைக்கு உரிமையான அழுகை. அதைத் திருடி அறையை அமைதியாக வைப்பது யார் வசதிக்கு?

இப்போது வீட்டில் புது விளையாட்டு. அவள் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள், நான் பாலர் பள்ளியில் இருக்க வேண்டும். கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்து, “அப்பா, இன்னும் நல்லா அழுங்க” என்பாள்.