தாங்குவோர் மீது எவ்வளவு ஏற்றலாம்?

குமரி மாவட்டத்து மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் காணச் செல்வோர் அதன் உயரத்தை வியந்து திரும்புகின்றனர். 1966ஆம் ஆண்டு கட்டப்பட்ட அப்பாலம் 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல், பறளியாற்றைக் கடந்து பாசன நீரைக் கொண்டு செல்கிறது. ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். இப்பாரத்தைத் தூண்கள் தாங்கும் என்று கட்டியோர் முன்னரே எவ்வாறு அறிந்தனர்? மனிதர் மீது சுமை ஏற்றுமுன் நாம் கேட்க மறக்கும் வினாவும் இதுவே.

பொறியாளர் கான்கிரீட்டைச் சிறு கட்டிகளாக வார்த்து, 28 நாள் நீரில் ஊறவிட்டு, எந்திரத்திலிட்டு நொறுங்கும் வரை அழுத்துவர். நம் வீடுகளில் கலகம் என்ற பொருளிலேயே வழங்கும் 'பித்னா' என்னும் அரபுச் சொல்லும், பொன்னை நெருப்பிலிட்டு மாற்றுக் காண்பதிலிருந்து பிறந்ததே.

பாரத்தால் பொருளினுள் எழும் நெருக்கத்தைத் தகைவு என்றும், அதனால் உருவில் நேரும் மாற்றத்தைத் திரிபு என்றும் நூலோர் கூறுவர். ஓர் எல்லை வரை இழுப்புக்கேற்ப நீட்சி. விட்டால் பழைய உருவம். 1678இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி இது. எல்லை கடந்த இரும்புக்கம்பி வளைந்தே நிற்கும். வார்ப்பிரும்போ வளைந்து காட்டாது, திடீரென முறியும். கான்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலிமை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. அதனாலன்றோ உள்ளே கம்பி வைக்கின்றனர்!

நம்மைத் திகைக்க வைப்பது மற்றொன்று. ரயில் அச்சுகள் தாங்கக்கூடிய அளவினும் குறைந்த சுமையிலேயே முறிவதேன் என ஜெர்மானியரான வோலர் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தார். சிறு சுமையும் லட்சக்கணக்கான முறை மாறி மாறி வந்தால், நுண்ணிய கீறல் வளர்ந்து ஒரு நாள் அச்சு இரண்டாகிறது. அன்றைய சுமை முந்தைய நாளின் சுமையே.

வளைகுடாவில் உழைக்கும் மூத்த மகனை எண்ணிப் பார்ப்போம். தங்கையர் திருமணம், தம்பியின் படிப்பு, வீட்டுக் கடன் யாவும் அவன் மீதே. அவன் முகம் சுளிப்பதில்லை. ஆகவே மேலும் ஏற்றுகிறோம். உழைப்பின் அழுத்தத்தைத் தாங்குகிறவன் பிரிவின் இழுப்பையும் தாங்குவான் என்பதற்கு என்ன உறுதி? 'பொறுமைசாலி' என்று புகழ்கிறோம். பொறுமை உயர்ந்ததே, ஐயமில்லை. சுமப்பவன் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம்; சுமத்துகிறவருக்கு அதை உபதேசிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

பொறியாளர் தூணின் பொறுமையைப் புகழ்வதில்லை. முறியும் பாரத்தைக் கணக்கிட்டு, அதில் ஒரு பகுதியையே ஏற்றுகிறார். எஞ்சியதைத் தம் கணக்கில் நேரக்கூடிய பிழைக்கும் சேர்த்து ஒதுக்குகிறார். மனிதனுக்கோ நொறுக்கிப் பார்க்க மாதிரிக் கட்டி இல்லை. அவனிடம் கேட்டே அறிய வேண்டும். தொலைபேசியில் அவன் 'சுகந்தான்' என்றதும், அடுத்த செலவைப் பேசத் தொடங்கும் பெற்றோர் பலரை நாம் கண்டிருக்கிறோம்.