ஒற்றைப் பாதையில் நிற்காதே!

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழியில் விதுரா. 2008-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) வளாகம் அங்கேதான், மேற்குத் தொடர்ச்சி மலையடியில் இருக்கிறது. மார்த்தாண்டத்துப் பிள்ளைக்கு அது கைக்கெட்டும் தூரம். ஆனால் நம் வீடுகளில் அதைப் பற்றிப் பேச்சு உண்டா? ‘நீட் போச்சு, எல்லாம் போச்சு!’ இந்த ஒப்பாரிதான் கேட்கிறது. யார் சொன்னது எல்லாம் போச்சென்று? எழுந்து உட்கார் தம்பி! நிமிர்ந்து பார் தங்கையே!

இயற்பியல் சொல்லும் பாடம் ஒன்றைக் கேள். 1958-இல் இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் ஒன்று சொன்னார். ஒழுங்கு குலைந்த பொருளுக்குள் செல்லும் அலை மோதி மோதிச் சிதறும். சிதறிய அலைகள் ஒன்றோடொன்று கலந்து, கடைசியில் இருந்த இடத்திலேயே முடங்கிவிடும். அன்று அதைப் பொருட்படுத்தியவர்கள் சொற்பம். 1977-இல் நோபல் பரிசு வந்தது. 1979-இல் இதை அடுத்த படிக்கு உயர்த்தியவர்கள் அவரையும் சேர்த்து நால்வர்; அவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த டி.வி.ராமகிருஷ்ணன். நம்மவர்தான்! அந்த நால்வர் கண்டதைக் கேள்: ஒற்றைப் பரிமாணத்திலும் இரு பரிமாணத்திலும் மிகச் சிறிய ஒழுங்கின்மையே அலையை முடக்கிவிடும். முப்பரிமாணத்தில் அப்படியில்லை, அங்கே ஒழுங்கின்மை ஓர் அளவைத் தாண்டினால்தான் முடக்கம்.

புரிகிறதா? ஒரே தேர்வு, ஒரே படிப்பு என்று கோடு போட்டு வாழ்பவனைக் கவிழ்க்க ஒரு கூழாங்கல் போதும். உன் வாழ்க்கைக்கு அகலம் கொடு, ஆழம் கொடு!

ஆண்டர்சன் சொன்ன முடக்கத்தை, அலைபோல் நடந்துகொள்ளும் குளிர் அணுக்களிலேயே நேரில் பார்க்க ஐம்பது ஆண்டுகள் ஆயின. காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் அணுக்களை லேசரால் தடுத்துத் தடுத்து வேகம் குறைக்கிறார்கள். தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரியின் கோடியில் சில பங்கு வரை குளிர்விக்கிறார்கள். எதிரெதிராக லேசர் கற்றைகளைப் பாய்ச்சினால் ஒளியே பணியாரச் சட்டியைப்போல் குழி குழியாகிவிடும். குழிக்குக் குழி அரை மைக்ரான் அளவே இடைவெளி. வேறொரு அலைநீளத்தில் இன்னொரு லேசரைச் சேர்த்தால் குழிகளின் ஆழம் தாறுமாறாகும். பரவ வேண்டிய அணுக்கூட்டம் அசையாமல் நின்றுவிடும். பிளாரன்சில் பொட்டாசியத்தை இப்படி நிறுத்திக் காட்டினார்கள். பிரான்சில் அலன் ஆஸ்பே குழு ரூபிடியத்தை நிறுத்தியது, லேசர் ஒளியைப் புள்ளி புள்ளியாகச் சிதறவிட்டு. இரண்டும் நடந்தது 2008-இல். விதுராவின் ஐசர் பிறந்த அதே ஆண்டு!

அதற்கு முன்பே, 2002-இல், மியூனிக்கில் இம்மானுவேல் பிளாக் குழு இன்னொன்றைக் காட்டியிருந்தது. குழிகளை ஆழமாக்கினார்கள், தங்குதடையின்றி ஓடிய மீபாய்ம நிலை மறைந்து அணுக்கள் அடைபட்டுப் போயின. ஆழத்தைக் குறைத்தார்கள்; சில மில்லி விநாடிகளில் பழைய நிலை திரும்பிவிட்டது. அடைபட்டதெல்லாம் அழிந்ததென்று எண்ணாதே!

இந்தக் குளிர் அணு உலகத்தின் முதல் விதை எங்கே விழுந்தது தெரியுமா? டாக்காவில். 1924-இல் முப்பது வயது சத்யேந்திரநாத் போஸ், முனைவர் பட்டம்கூட இல்லாத ஆசிரியர், தன் கட்டுரையை நேரே ஐன்ஸ்டைனுக்கே அனுப்பினார். ‘நான் யார், அவர் யார்’ என்று கூசி நின்றாரா? இல்லை! ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதிலிருந்து கிளைத்த கணிப்பு 1995-இல் ஆய்வகத்தில் மெய்யானது.

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவா? ஐசர் நுழைவுத் தேர்வு தனி. நீட் மதிப்பெண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. விதுரா, புனே, திருப்பதி என்று ஏழு ஊர்களில் ஐசர் இருக்கிறது. அறிவிப்பு வந்ததும் அப்பாவிடம் சொல், விண்ணப்பத்தை நீயே நிரப்பு!